காமிராவைக் கடைசியில் வாங்குவோம்

சென்ற திங்கள் நம் மன்றத்தின் செயற்குழு கூடியபோது, பொங்கல் நாடகத்தில் மிஞ்சிய 60,000 ரூபாயை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே விடையும் வந்துவிட்டது. "மன்றத்துக்கென்று ஒரு நல்ல காமிரா வாங்குவோம், இனி நம் மலைப்பயணப் படங்களே இதழின் அட்டையை அணி செய்யட்டும்" என்றார் ஒரு தோழர். கையொலி கூரையை எட்டியது. கைதட்டாதவன் நான் ஒருவனே. "உனக்கென்ன, உன்னிடந்தான் காமிரா இருக்கின்றதே!" என்று பக்கத்திலிருந்த நண்பர் முணுமுணுத்தார். இருக்கின்றது, உண்மைதான். இருப்பதால்தான் கைதட்டவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. அதற்குள் என் கருத்தை எழுத்தில் வைத்துவிட எண்ணி இதழாசிரியரிடம் இடம் கேட்டேன். அவரும் காமிராக் கட்சிதான். ஆயினும் இடம் தந்தார். நன்றி அவருக்கு.

நான் மர்பி டவுன்காரன். அல்சூருக்கு அண்டையில், முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிப் பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சன்னல் தெரியும். எதிர்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்தால் நாங்கள் தெரிவோம். இப்படிப்பட்ட தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்ற சொல்லிலே எத்தனை மயக்கம் உண்டு என்பதைத் தோட்டம் சூழ்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. மலைக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்ததை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அதற்குக் காமிரா வேண்டும். பத்துத் திங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது 40,000. அம்மா சீட்டெடுத்துக் கொடுத்தது 25,000. அந்தப் பணத்தில், கைமாறிய காமிரா ஒன்றும், 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோ. அதைத் தெருவில் தூக்கிக்கொண்டு நடந்த அன்று நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கின்றது.

இரண்டாண்டுக்கு முன், அக்டோபர்த் திங்களில், நாங்கள் ஆறு பேர் குமார பர்வதம் ஏறினோம். 1,712 மீட்டர் உயரம். குக்கே சுப்ரமணியாவிலிருந்து காட்டு வழியே ஏறினால் பாதியில் பட்டர் வீடு. அதற்குமேல் வெட்டவெளிப் புல்மலை. கல் மண்டபம், சேஷ பர்வதம், பிறகு ஒரு சோலைக்காடு, வழுக்குப்பாறை, உச்சி. என் தோளில் காமிராப் பை. காலில், கல்லூரிக்குப் போட்டுச் செல்லும் அடி தேய்ந்த ஷூ. உடம்பில், எல்லாரையும் போல, ஜீன்ஸ். மழைச்சட்டை ஆறு பேருக்கு இரண்டு. "அக்டோபரில் என்ன மழை?" என்பது எங்கள் வானிலை ஆராய்ச்சி.

இறங்கும்போது சேஷ பர்வதத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டது மழை. புல்மலையில் ஒதுங்க ஒரு மரமில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தது. என்னிடம் இருந்த மழைச்சட்டையைக் கழற்றிக் காமிராப் பையைச் சுற்றிக் கட்டினேன். 65,000 ரூபாயல்லவா? எங்களில் மெலிந்தவன் ஒருவன், என் தெருவுக்கு அடுத்த தெருப்பிள்ளை, முதலில் நடுங்கினான். பிறகு பேசும்போது நாக்குழறினான். பிறகு நடுக்கம் நின்று, "கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள்" என்றான். நடுக்கம் நின்றதைக் கண்டு, தேறிவிட்டான் என்று மகிழ்ந்த அறிவாளிகள் நாங்கள்! உடலின் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்குவதன் அடையாளம் அந்த நடுக்கமும் நாக்குழறலும் என்பதும், நடுக்கம் நின்றுபோவது தேறியதன் அறிகுறி அன்று, நிலை முற்றியதன் அறிகுறி என்பதும், அது நேர்வதற்கு இமயம் வேண்டியதில்லை, நனைந்த பருத்தித் துணியும் காற்றும் போதும் என்பதும் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று அவனை எழுப்பி நடத்தியது எங்கள் அறிவு அன்று. இருட்டைக் கண்ட அச்சம். விளக்கு என்று இருந்தவை கைபேசிகள். அவையும் பகலெல்லாம் படம் எடுத்து ஓய்ந்திருந்தன. பட்டர் வீட்டை அடைந்தபோது இரவு ஒன்பது. அடுப்பருகே உட்கார வைத்து, உலர்ந்த போர்வை சுற்றிச் சூடான பானம் கொடுத்தபின் அவனுக்குப் பேச்சுத் தெளிந்தது. அவன் தெளிந்து பேசிய முதற்சொல், "உன் காமிரா நனையலையே?" என்பது.

அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகின்றது.

படங்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் வினாடியில் 300இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 600க்கு 600இல் ஒரு பங்கு. மேகம் மூடிய சோலைக்காட்டுக்குள் அந்த வேகத்துக்கு வெளிச்சம் ஏது? காமிராவின் உணர்திறனை ஏற்றினால் படமெல்லாம் மணல் தூவினாற்போல் புள்ளி. இக்காலத்து லென்ஸுகள் நம் கைநடுக்கத்தைத் தாங்கும். கிளைவிட்டுக் கிளை தாவும் குருவியை நிறுத்தி வைக்குமா? ஆக, நாற்பது படம் மூடுபனி, எட்டுப் படம் ஒரு பறவையின் முதுகு. இரண்டு திங்கள் கழித்து லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோல் பூசணம் பிடித்தது. ஈரத்தோடு பையில் போட்டு மூடியதன் பலன். மூடி இறுகிய டப்பாவும் நாலு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் அதைத் தடுத்திருக்கும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா இருக்கின்றார். மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1780இல் தோன்றிய அந்தப் படையின் தலைமையிடம் எங்கள் பக்கத்தில்தான். மர்பி டவுனில் தெருவுக்கொருவராவது அதில் பணியாற்றியவர் இருப்பார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தாத்தா வினவினார்: "எத்தனை பேர் போனீங்க தம்பி?" ஆறு பேர் தாத்தா. "எத்தனை மழைக்கோட்டு?" இரண்டு. "டார்ச்சு?" இல்லை. "காமிரா?" கைபேசிகளையும் சேர்த்தால் ஏழு. அவர் திட்டவில்லை. உள்ளே போய்த் தம் பழைய படைப் போர்வையைக் கொண்டுவந்து விரித்தார். மழையில் மேலங்கி, முதுகுப்பையோடு சேர்த்து மூடும். இரவில் தரைவிரிப்பு. இரண்டு கழியில் கட்டினால் கூரை. "இதுக்கப்புறம்தான் துப்பாக்கியே குடுப்பாங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் கொண்ட கொள்கை இது: மலைக்குப் பொருள் வாங்குபவன் காலிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், கண்ணுக்கு வேண்டியது கடைசியில் வரட்டும். தோழர்கள் நேர்மாறாகத் தொடங்குகின்றார்கள். கடைக்காரரும் நேர்மாறாகவே காட்டுகின்றார். காமிராவுக்குத் தவணை உண்டு, ஷூவுக்குத் தவணை உண்டா?

ஷூ என்றதும் பதினாயிரம் ரூபாய் வெளிநாட்டுப் பெயர் ஒன்றை நினைத்து மலைக்க வேண்டாம். படைவீரர் அணியும் துணி மேற்பாகமும் ஆழமாக வெட்டிய ரப்பர் அடியும் கொண்ட காட்டு ஷூ, நம் மலைகளுக்குப் போதுமானது. நனையும், ஆனால் விரைவில் உலரும். நீர் புகாத விலையுயர்ந்த ஷூவினுள் மேல்வாய் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்பதை நான் கண்டிருக்கின்றேன். அட்டைக்கடிக்கு, நெருங்க நெய்த டிரில் துணியில் முழங்கால் வரை காலுறை. எங்கள் மார்க்கெட்டுப் பக்கத்துத் தையற்காரர் ஆறு சோடி தைத்துக் கொடுத்தார். "எந்த நாடகத்துக்குப்பா?" என்று கேட்டார், அது வேறு கதை.

துணியைப்பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பருத்தி பகை. பாலியஸ்டரோ கம்பளியோ நலம். ஆனால் அதுவே எக்காலத்துக்கும் விதி என்று கொள்ளற்க. கோடையில் காய்ந்த புல்மலையில் தீப்பற்றினால் பாலியஸ்டர் உருகி உடம்போடு ஒட்டும். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் இளைஞர்கள், விடுமுறைக்கு மலை பார்க்கப் போனவர்கள். அதன் பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன; 2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 பாதைகள் திறக்கப்பட்டன; தீக்காலத்தில் அவற்றை மூடியும் வைக்கின்றார்கள். அனுமதிச் சீட்டும் ஒரு பயணப்பொருள்தான், தோழர்களே! எடையில்லாதது, விலையும் அதிகமன்று. நாம் எந்தப் பாதையில் சென்றோம் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்கும் அல்லவா?

இவ்வளவும் ஆனபின் தோளில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது நடப்பவர்களின் கணக்கு. 55 கிலோ உடம்புக்கு 11 கிலோ. தண்ணீர் மூன்று லிட்டர், அது மூன்று கிலோ. உணவு, போர்வை, மாற்றுடை, மருந்து என்று போனபின், காமிராவுக்கு மிஞ்சுவது ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. அந்த அளவுக்குள் அடங்கும் காமிராவே நல்ல காமிரா. சிறிய உடலும் 300 மில்லிமீட்டருக்கு மேற்போகாத ஒரு லென்ஸும் அதற்குள் அடங்கும். முக்காலியை விட்டுவிடலாம், பாறை இருக்கின்றது, மரம் இருக்கின்றது, நண்பன் தோள் இருக்கின்றது. மின்கலத்தைக் குளிரில் சட்டைப்பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்தால் சார்ச்சு விரைவில் இறங்காது. மலைக்காட்சிக்கு மட்டுமென்றால் கைபேசியே போதும். ஆனால் விளக்குக்கு அதை நம்பக் கூடாது. தலையில் கட்டும் விளக்கு தனியே வேண்டும்.

"பெரிய காமிரா இல்லாமல் பெரிய படம் வருமா?" என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மா. கிருஷ்ணனை அவர் அறியார் போலும். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் கானுயிர்களைப்பற்றி எழுதியவர், யானையை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றும் வியந்து பார்க்கின்றோம். அவர் காமிரா ஒரு கம்பெனியின் உடலும் வேறொன்றின் லென்ஸுமாக அவரே சேர்த்துக் கட்டிய கலவை. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கைப் பெயரும் வைத்திருந்தார். அது இலேசான கருவி அன்று என்று என் கட்சிக்கு எதிராகவே யாரேனும் வாதிடலாம். ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் அவர் முதலில் கற்றது யானையை. பெட்டி கட்டியது அதற்காக. இங்கே பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாளும் அப்படித்தான்: ஒரு பறவையின் பழக்கமறிந்து காத்திருந்து எடுத்தவர். ஃபிலிம் சுருளில் 36 படம் முடிந்தால் முடிந்தது என்றிருந்த காலம் அது. நாம் ஒரு பகலில் 2,000 எடுத்துவிட்டு எதைப் பார்த்தோம் என்று வீட்டில் வந்து தேடுகின்றோம்.

இதழாசிரியர் நண்பர் ஒரு வாதம் வைத்தார்: படம் இல்லாத இதழை இக்காலத்தில் யார் கையில் எடுப்பார்? நியாயமான வாதம். ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. போன ஆண்டு நம் மலைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். வந்தவர்கள் ஒன்பது பேர். வராத பதின்மூவரில் நான்கைந்து பேரை நான் அறிவேன். "வீட்டில் வேலை" என்றார்கள். வேலை ஒன்றுமில்லை. வாங்க வேண்டியவை என்று நாம் ஒட்டிய பட்டியலைப் படித்துவிட்டு நின்றுவிட்டார்கள். தமிழ் மாணவர் மன்றம் என்று பெயர் வைத்துக்கொண்டு, மழைச்சட்டை உள்ளவர்கள் மன்றமாக மலை ஏறலாமா? ஒரு காமிரா ஒருவர் கழுத்தில்தான் தொங்கும்.

ஆகவே என் திருத்தத் தீர்மானம் இது. மன்றத்துக்கு ஒரு பொதுப் பெட்டி வேண்டும். நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, உலர்த்தித் திருப்பித் தர வேண்டும். அதில் பையோடு மூடும் மழைப்போர்வை பன்னிரண்டு, தலைவிளக்கு ஆறு, விசில் பன்னிரண்டு, முதலுதவிப் பெட்டி இரண்டு, பைக்குள் விரிக்கக் கனத்த பாலிதீன் உறை, கம்பளிச் சட்டை நாலைந்து. காட்டு ஷூ நடுத்தர அளவுகளில் எட்டுச் சோடி. தையற்காரரிடம் அட்டைக் காலுறை. நம் ஊரில் நான் சொல்லித் தைத்து வாங்குகின்றேன். பிறகு எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்று. ஒரு பறவையைப் பன்னிரண்டு பேரும் மாறி மாறிப் பார்க்கலாம். காமிரா அதைச் செய்யாது. கடைகளில் விசாரித்துவிட்டேன், இவ்வளவுக்கும் 60,000 ரூபாய்க்குள் அடங்கும். மிச்சம் ஏதேனும் இருந்தால், அதற்குத் தக்கபடி கைமாறிய சிறு காமிரா ஒன்றை இதழாசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். நான் தடை சொல்ல மாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு என் லென்ஸைக் கொண்டு வருகின்றேன். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே இருக்கும் பூசணத்தைப் பார்க்கலாம். தோளில் மாட்டி நம் கட்டடத்தின் மூன்று மாடி ஏறியும் பார்க்கலாம். என்னோடு அன்று மலைக்கு வந்த அந்தத் தோழனும் வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.