தமிழ்மண்ணில் நடந்த போருக்குக் கருநாடகப் பெயரா?

அடையாறு எங்குளது? ஆம்பூர் எங்குளது? ஆர்க்காடும் திருச்சிராப்பள்ளியும் வந்தவாசியும் புதுச்சேரியும் எந்நாட்டில் உள? யாவும் தமிழ்நிலமே! ஆயினும் 1746 முதல் 1763 வரை, விட்டுவிட்டு மூண்டு, இவ்வூர்களைப் போர்க்களமாக்கிய ஆங்கிலேய–பிரெஞ்சியப் பூசல்களுக்குப் பள்ளி நூல்கள் இட்டிருக்கும் பெயர் ‘கருநாடகப் போர்கள்’! ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பரப்புக்கு அயலார் வழங்கிய பெயரைத் தமிழர் இன்றும் தலைமேல் சுமக்கின்றனர்.

பொருதவர் எவர்? 1600இல் தோன்றிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமமும், 1664இல் தோன்றிய பிரெஞ்சுக் குழுமமுமே! துணிமூட்டைக்காகக் கரையேறிய வணிகர் இவர்கள். ஐரோப்பாவில் ஆத்திரிய அரசுரிமைக்காக மூண்ட போரில் இவ்விருவர்தம் நாடுகளும் எதிரெதிரே நின்றன. அதன் விளைவாக 1746இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சியர் கைப்பற்றினர். 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையோ அதனை ஆங்கிலேயர்க்கே மீட்டளித்தது. மாற்றாக வட அமெரிக்காவிலுள்ள உலூயிசுபர்க்குக் கோட்டை பிரெஞ்சியர்க்குக் கிடைத்தது. சென்னையில் வாழ்ந்த தமிழனை ஒரு சொல் கேட்டவர் உண்டா? சந்தையில் கைமாறும் மாட்டைக் கேட்பவர் உண்டோ?

அடுத்து மூண்டது நவாபு இருக்கைக்கான போட்டி. சந்தா சாகிபுக்குத் தூப்ளே துணைநின்றார். முகமதலிக்கு ஆங்கிலேயர் துணைநின்றனர். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படைத்தலைவர் இலாலி தோற்றார். 1761இல் வீழ்ந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

வெள்ளையரின் வெடிகுழலும் படைப்பயிற்சியுமே வென்றன என்பர் சிலர். அவ்வெடிகுழலை ஏந்திய கைகள் எவருடையன? 1746இல் அடையாற்றங்கரையில் நவாபின் பெரும்படையைச் சிதறடித்த பிரெஞ்சியரின் சிறுபடையில், வெள்ளையரினும் இந்நாட்டுக் கூலிப்படைஞரே மிகுதி! முகமதலிக்காக ஆங்கிலேயர் நடத்திய போரின் செலவை ஈடுகட்டியதோ, அவர் அடகுவைத்த ஊர்களின் நிலவரி! தமிழ் உழவன் விளைத்த நெல்லே, அவனை அடிமையாக்கிய வெடிமருந்தாயிற்று. கடன் பெருகிற்று; 1763இல் செங்கழுநீர்ப்பட்டுப் பகுதி குழுமத்தின் கைக்குச் சென்றது; 1801இல் நவாபின் ஆட்சிப்பரப்பு முழுதுமே சென்றது. துணைக்கு வந்தவன் வீட்டுக்கு உடையவனானான்.

ஆங்கிலேயன் நல்லவனா, பிரெஞ்சியன் நல்லவனா என வழக்காடுவோர் இன்றும் உளர். வீடு புகுந்த திருடர் இருவருள் எவன் பண்புடையவன் என ஆராய்வது வீட்டுக்காரன் வேலையன்று! தன் வீடு தன்னுடையது என்று முதலில் அவன் சொல்லல் வேண்டும்.

களம் தமிழனது, நெல் தமிழனது, சிந்திய குருதியிலும் தமிழனது உண்டு. பெயர் மட்டும் அவனது அன்றாம்! ‘தமிழ்நிலப் போர்கள்’ எனப் பள்ளி நூல்கள் திருத்தி எழுதப்படட்டும். தன் மண்ணின் பெயரை மீட்காத இனம், தன் மண்ணை எவ்வாறு காக்கும்?