மொட்டை மாடியில் கொட்டும் லட்சம் லிட்டர்!

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சென்னைத் தெருக்களில் படகு ஓடியது!

2019-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி. ஜோலார்பேட்டையில் இருந்து ஒரு ரெயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பயணிகள் யாரும் இல்லை. 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருந்தது. சென்னை மக்கள் குடிப்பதற்காக 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்த தண்ணீர்!

இரண்டும் ஒரே பட்டணம்தான். இடையில் நாலு வருஷம் கூட ஆகவில்லை. மூழ்கிய ஊர், எப்படித் தாகத்தில் தவித்தது?

பெய்த மழை கடலுக்குப் போய்விட்டது. அதுதான் காரணம்.

ஏரியை நம்பிய பட்டணம்

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். சென்னைக்குப் பல காலமாகச் சோறு போட்டவை, அதாவது தண்ணீர் கொடுத்தவை, இந்த நாலு ஏரிகள். நாலும் நிரம்பினால் சுமார் 11 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

2018-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. மறு வருஷம் ஜூன் மாதம் இந்த நாலு ஏரிகளிலும் சேர்த்து, நூற்றில் ஒரு பங்கு தண்ணீர் கூட இல்லை. செம்பரம்பாக்கத்தின் அடி மண் வெடித்துக் கிடந்தது. ஓட்டல்கள் சில, மதியச் சாப்பாட்டை நிறுத்தின. காலிக் குடங்களின் வரிசை தெருமுனையைத் தாண்டியது. விடிவதற்கு முன்பே பெண்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் இருக்கும் வீராணம் ஏரியில் இருந்து 2004-ல் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் வந்தது. ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. நெம்மேலியிலேயே இரண்டாவது ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. 2020-ல் தேர்வாய்கண்டிகையில் ஐந்தாவது ஏரியும் கிடைத்தது.

இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கடல் நீரில் இருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். அந்தப் பணம் ஜனங்களின் பணம். மாடியில் விழும் மழையில் உப்பு கிடையாது!

6,600 குடம்

ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஒரு வருஷத்தில் சராசரியாக 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். பெருக்கினால் 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டருக்கு மேல் வருகிறது. வெயிலில் காய்வது, சிந்துவது, அழுக்கோடு வெளியே விடுவது எல்லாம் போகட்டும். ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும்.

15 லிட்டர் குடத்தால் அளந்தால் 6,600 குடம்! 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பெரிய லாரியில் 8 லாரி! ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தாலும், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு மாதம் வரும்.

இவ்வளவும் பெரும்பாலான வீடுகளில் என்ன ஆகிறது? குழாய் வழியாக இறங்குகிறது. வாசலைத் தாண்டுகிறது. தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது. பிறகு கால்வாய்க்குப் போகிறது. கால்வாயில் இருந்து கடலுக்கு. மார்ச் மாதம் அதே வீட்டுக்காரர் பணம் கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குகிறார்.

சட்டம் வந்தது

இதை முதலில் சொன்னவர்களைச் சிலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். இயற்பியல் படித்த சேகர் ராகவன், 1990-களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் "மழைத் தண்ணீரை மண்ணுக்குள் விடுங்கள்" என்று சொன்னார். கடற்கரை ஓரத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதப்பது போல நிற்கிறது. நல்ல தண்ணீரை மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால், அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் இப்படித்தான் நடந்தது. பல கிலோமீட்டர் தூரம் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. ஒரு முறை உப்பு ஏறிய கிணற்றைத் திரும்ப இனிப்பாக்குவது லேசான வேலை அல்ல.

2003-ம் ஆண்டு கடும் வறட்சி. ஜெயலலிதா முதல்-அமைச்சராக இருந்தார். ஜூலை மாதம் ஓர் அவசரச் சட்டம் வந்தது. புதுக் கட்டிடங்களுக்கு அதற்கு முன்பே விதி இருந்தது. இப்போது பழைய கட்டிடங்களும் சேர்ந்தன. வீடோ, கடையோ, பள்ளிக்கூடமோ, எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்!

பட்டணம் முழுவதும் ஒரே பரபரப்பு. கொத்தனார் கிடைக்கவில்லை. கூழாங்கல்லுக்கும் மணலுக்கும் கிராக்கி. சில வாரங்களில் லட்சக்கணக்கான குழிகள் தோண்டப்பட்டன. 2005-ல் பெருமழை பெய்தது. பல இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறியது. வறண்டு கிடந்த கிணறுகளில் வாளி நனைந்தது!

சட்டம் வெற்றி பெற்றது. சந்தேகம் இல்லை. அப்படியானால் 2019-ல் ரெயில் ஏன் வந்தது?

மழை பொய்த்தது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. குழியைத் தோண்டச் சட்டம் போதும். அதை வருஷா வருஷம் திறந்து சுத்தம் செய்ய வீட்டு மனிதர்கள் வேண்டும்.

அதிகாரி பார்க்க ஒரு குழி

2003-ல் பல பேர் தோண்டியது, அதிகாரி வந்தால் காட்டுவதற்கு ஒரு குழி. இரண்டு அடி அகலம், மூன்று அடி ஆழம், மேலே ஒரு மூடி. எல்லா ஊருக்கும் ஒரே அளவு!

மண் ஒரே மாதிரி இருக்கிறதா? இல்லையே! பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் மணல். அங்கே சின்னக் குழி கூடத் தண்ணீரைக் குடித்துவிடும். கோடம்பாக்கம், விருகம்பாக்கம் பக்கத்தில் களிமண். அங்கே சின்னக் குழியில் விழும் தண்ணீர் தொட்டியில் இருப்பது போல அப்படியே நிற்கும். களிமண்ணைத் தாண்டி, கீழே இருக்கும் மணலைத் தொடும்வரை உறை இறக்கிக் கிணறு எடுக்கவேண்டும். கிண்டி, வேளச்சேரியில் அடியில் பாறை. அதற்கு வேறு வழி. அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டிய பழைய ஆட்களைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அது அதிர்ஷ்டம். சென்னையில் எத்தனையோ வீடுகளில் கிணற்றை மூடி, மேலே கார் நிறுத்தியிருக்கிறார்கள். சிலர் அதில் குப்பையைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். மாடித் தண்ணீரை மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டும் தொட்டி வழியாக அந்தக் கிணற்றுக்குள் விட்டால், புதிதாக ஒரு குழியும் தோண்ட வேண்டாம். மற்ற எல்லா வழியையும் விட இது மலிவானது.

தோண்டிய குழியும் சில வருஷத்தில் அடைத்துக்கொள்ளும். இலை, தூசி, சிமெண்டுத் துகள் எல்லாம் மணலின் மேல் படிந்து தோல் போல ஆகிவிடும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. வருஷத்துக்கு ஒரு முறை மேல் மணலை அள்ளி அலசிப் போடவேண்டும், அல்லது புது மணல் போடவேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு லாரித் தண்ணீரின் விலையை விடக் குறைவு.

"வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்" என்கிறார் குடியிருப்பவர். "நான் அங்கே இல்லையே" என்கிறார் வீட்டுக்காரர். அடுக்கு மாடிக் கட்டிடத்திலோ நாற்பது குடும்பங்கள். குழி எங்கே இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. லாரிக்கு மாதா மாதம் பணம் வசூலிக்கிற சங்கம், குழிக்கு ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை. 2019-ல் அதிகாரிகள் மறுபடியும் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தபோதுதான், பல மூடிகள் பல வருஷத்துக்குப் பிறகு திறந்தன!

கூடாத காரியங்கள்

மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையோடு இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. வாசலில் தண்ணீர் நிற்காது என்று நினைப்பு. சாக்கடைக் குழாய் அவ்வளவு மழையைத் தாங்கும்படி போடப்பட்டது அல்ல. அது பொங்கும். மூடி தூக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து வரும். மழைக்காலத்தில் பல தெருக்கள் நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே போல, துணி துவைத்த சோப்புத் தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் மழைநீர்க் குழியில் விடவே கூடாது. அது நேராகக் கிணற்றுக்குப் போகும். கிணறு எல்லோருக்கும் பொது. மண்ணுக்கு அடியில் மதில் சுவர் கிடையாது!

முதல் மழையைப் பிடிக்கவேண்டாம். மாடியில் காக்கை எச்சமும் புழுதியும் இருக்கும். முதல் மழை அதைக் கழுவட்டும். குழாயின் அடியில் ஒரு திருகு மூடி இருந்தால், அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மூடிக்கொள்ளலாம்.

கொசு வருமே என்று தாய்மார்கள் பயப்படுவது நியாயம். தண்ணீர் நாலைந்து நாள் நின்றால் கொசு முட்டையிட்டுப் பெருகும். நல்ல குழியில் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்காமல் நிற்கிறது என்றால் அடைப்பு என்று அர்த்தம். கிணற்றுக்கும் தொட்டிக்கும் மேலே மெல்லிய வலை கட்டிவிட்டால் போதும்.

ஏரியில் இறங்கிய மக்கள்

சொந்த வீடும் மாடியும் இல்லாதவர்கள் என்ன செய்வது?

தாம்பரம் பக்கத்தில் சிட்லபாக்கம் என்ற ஊர். அங்கே ஓர் ஏரி. 2019 வறட்சியில் அது வறண்டு, குப்பையும் செடியுமாகக் கிடந்தது. ஊர் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடையும் மண்வெட்டியுமாக ஏரியில் இறங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், வயதானவர்கள் எல்லோரும் சேர்ந்து குப்பை அள்ளினார்கள். செய்தி பரவியது. அதே ஆண்டு அரசாங்கம் அந்த ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது.

கூடையால் அள்ளி ஓர் ஏரியைத் தூர் வாரிவிட முடியாது. அதற்கு இயந்திரமும் பணமும் வேண்டும். ஆனால் ஜனங்கள் இறங்கியிருக்காவிட்டால் அந்தப் பணம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உண்டு. வார்டுக்கு ஒரு கவுன்சிலர். கிராமங்களில் கிராம சபை கூடுவது போல, நகரங்களில் பகுதி சபை கூடும் ஏற்பாடு 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. தெரு விளக்கும் ரோடும் மட்டும் அங்கே பேசும் விஷயம் என்று நினைக்க வேண்டியதில்லை. "எங்கள் வார்டுக் குளத்தில் கட்டிட இடிபாட்டைக் கொட்டுகிறார்களே, ஏன்?" என்று கேட்கலாம். "மழைநீர் வடிகாலை எந்த மாதம் தூர் வாருவீர்கள்?" என்று கேட்கலாம். "பூங்காவில் மழைத் தண்ணீரைத் தேக்கி மண்ணில் இறக்கக் குளம் வெட்டலாமே?" என்றும் கேட்கலாம். அப்படிப்பட்ட பூங்காக்களை மாநகராட்சி பல இடங்களில் அமைத்திருக்கிறது. வடிகால் அடைத்துக்கொண்டால் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

வடிகாலை அடைப்பதில் பெரும் பங்கு பிளாஸ்டிக் பைக்கு உண்டு. ஒரு முறை உபயோகித்துத் தூக்கி எறியும் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை. தடை இருந்தும் பை இருக்கிறது. கடைக்குப் போகும்போது கையில் மஞ்சள் பை இருந்தால், தெருமுனை வடிகாலில் ஒரு பை குறையும்.

கயிற்றில் முடிச்சு

கிணறு உள்ள வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். நீளமான கயிற்றில் ஓர் அடிக்கு ஒரு முடிச்சு போடவேண்டும். நுனியில் ஒரு கல். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் இருக்கிறது என்று நோட்டில் எழுதவேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். ஒரு வருஷம் எழுதினால், குழி வேலை செய்கிறதா இல்லையா என்று நோட்டே சொல்லிவிடும். தெருவில் பத்து வீடுகள் எழுதினால், பகுதி சபையில் மேஜை மேல் வைத்துப் பேசலாம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டித் தொடங்கும். மாடியைக் கூட்டிக் குழாயில் அடைப்பு எடுக்க ஒரு ஞாயிறு, குழியைத் திறந்து மணலை அலச இன்னொரு ஞாயிறு தேவைப்படும். செப்டம்பரிலேயே ஆரம்பித்தால் கொத்தனார் சுலபமாகக் கிடைப்பார்.