திரும்பி வரும் வழிக்கும் எண்ணெய் வேண்டும்



செலாயாங்கில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரின் அருமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ கழிவைக் கொட்டிவிட, சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் நம் வீடுகளில் எத்தனை வாளி, எத்தனை அண்டா, எத்தனை ஐஸ்கிரீம் டப்பா என்று எண்ணிப் பார்த்தோம் அல்லவா? லாரி வரும் சத்தம் கேட்டதும் ஓடினோம் அல்லவா?

அப்படிப்பட்ட நாம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காட்டுப் பக்கம் உல்லாசப் பயணம் புறப்படும்போது மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இப்போது பலரும் பிக்-அப் வண்டியின் முதுகில் கூண்டு கட்டி, படுக்கையும் அடுப்பும் வைத்து, வீட்டையே தூக்கிக்கொண்டு போவதுபோல் போகிறார்கள். என் கொழுந்தனாரும் அப்படி ஒன்று கட்டினார். கூண்டு கட்டுவதற்குப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்; அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். சென்ற பள்ளி விடுமுறையில் அந்த வண்டியும் எங்கள் வேனுமாக இரண்டு குடும்பங்கள் கிரிக் தாண்டி, கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பண்டிங் ஏரிப் பக்கம் புறப்பட்டோம்.

அந்தச் சாலை சாதாரணச் சாலை அல்ல. கம்யூனிஸ்டுகளின் தாக்குதல்களுக்கு நடுவே, இராணுவக் காவலோடு போடப்பட்டு, 1982-ல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இரவு நேரத்தில் வண்டிகளை விடமாட்டார்கள். இன்று கம்யூனிஸ்டு பயம் இல்லை; யானை பயம் உண்டு. கிரிக்கிலிருந்து ஜெலி வரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர். எண்ணெய் நிலையத்தை நம்பி ஏறக்கூடிய பாதை இல்லை அது.

கிரிக்கில் நிறுத்தி டாங்கியை நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்டேன். எங்கள் வேனில் நிரப்பினோம்.

"வேண்டாம் அண்ணி, பாதிக்கு மேல இருக்கு" என்றார் கொழுந்தனார்.

அவர் சொன்னது பொய்யில்லை. செலாயாங்கில் 80 லிட்டர் நிரப்பினார். கூண்டோடு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி, கிரிக் வரை 330 கிலோமீட்டருக்கு 37 லிட்டர் குடித்திருக்கும். மிச்சம் 43. பண்டிங் இன்னும் 40 கிலோமீட்டர்தான். நான்காம் ஆண்டு மாணவன்கூட "போதும், டீச்சர்" என்பான். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து ஆண்பிள்ளைகள் டாங்கியை நிரப்பவே யோசிக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கணக்கில் வராதது எது தெரியுமா? வண்டி நின்றுகொண்டே குடிக்கும் எண்ணெய். வேனை நெடுஞ்சாலை ஓரம் ஒரு கடைக்காரரிடம் விட்டுவிட்டு, சாமான்களையும் எங்களையும் பிக்-அப்பில் இரண்டு நடையாக மண்பாதையில் ஏற்றினார். சேற்றில் சின்னக் கியரில் ஏறும்போது லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. இரவில் பிள்ளைகளுக்குப் புழுக்கம் என்று எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போட்டார். மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் இரண்டு இரவுக்கு 16 லிட்டர் போயிற்று. (எண்ணெய் போனது இருக்கட்டும்; நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உறங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். இதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அதே வண்டியில் என் மகளும் படுத்திருந்தாள்.)

இனித் தண்ணீருக்கு வருகிறேன். அந்தப் பொறுப்பு என்னுடையது, குற்றமும் என்னுடையதுதான்.

இருபது லிட்டர் தோங் இரண்டு எடுத்து வந்தேன். ஒன்பது பேர், இரண்டு இரவு. பார்வைக்கு நிறையத் தெரிந்தது. முதல் நாள் சோறு வடித்தோம், கறி வைத்தோம், மங்குகளைக் கழுவினோம், வீட்டில் குழாயடியில் நின்று கழுவுகிற மாதிரியே கழுவினோம். பிள்ளைகள் பல் துலக்கிக் கொப்பளித்தார்கள். மறுநாள் மாலை கோப்பி கலக்கப் போனபோது இரண்டாவது தோங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில்தான் ஆறு ஓடுகிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. அந்த ஆற்றுத் தண்ணீரைக் கொழுந்தனாரின் ஆறு வயது மகன், யாரும் பார்க்காத நேரத்தில், வயிறு நிறையக் குடித்துவிட்டான். கேட்டதற்கு, "தோங்குல இல்ல பெரியம்மா" என்றான்.

இரண்டாம் இரவு நடுச்சாமத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கின.

வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சுகாதாரப் பாடத்தில் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது. தண்ணீர் இல்லை. ஆற்று நீரை மொண்டு வந்து துணியில் வடிகட்டி அடுப்பில் வைத்தோம். கேஸ் டின் முழுத் தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் தாங்கும். கறிக்கும் சோற்றுக்கும் போக மிஞ்சியிருந்தது ஒரே டின். இருட்டில் அந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டால் போதும், கிருமி செத்துவிடும். ஆறுவதற்குத்தான் அவசரம் தெரியாது.

விடிந்ததும் பிள்ளையையும் அவன் தாயையும் என்னையும் ஏற்றிக்கொண்டு இறங்கினார். நெடுஞ்சாலையைத் தொட்டுச் சிறிது தூரம் போவதற்குள் எண்ணெய் விளக்கு எரிந்தது. கொழுந்தனார் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டிக் குளிர்சாதனத்தை அணைத்தார். கிரிக் மருத்துவமனைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. நான் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து மேகி கேட்டான்.

பிறகு வீட்டில் காகிதம் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், விளக்கு எரிந்தபோது டாங்கியில் கிரிக் வரப் போதுமான எண்ணெய் இருந்திருக்கிறது. அப்படியானால் பயந்தது வீணா? இல்லை. கிரிக் பக்கம் மண் சரிந்தோ மரம் விழுந்தோ பாதை அடைபட்டிருந்தால், மலையேறி 80 கிலோமீட்டர் ஜெலிக்கு ஓட வேண்டும். அதற்குச் சொட்டு எண்ணெய் மிஞ்சியிருக்காது. வந்த வழிக்கு மட்டும் கணக்குப் போட்டது எங்கள் பிழை.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இது. கடைசிப் பட்டணத்தில் டாங்கி நிரம்ப வேண்டும், முள் எங்கே நின்றாலும் சரி. டாங்கியில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கும் அங்கே அலைவதற்கும், ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு தொடாமல் இருப்பதற்கு. தோங்கில் எண்ணெய் பிடித்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் நிலையங்களில் ஊற்ற மாட்டார்கள். ஊற்றினாலும் பிள்ளைகள் உறங்கும் கூண்டுக்குள் பெட்ரோல் ஆவியை வைப்பது அறிவில்லாத காரியம்.

தண்ணீரில், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 60 லிட்டர். இன்னொரு நாளைக்கு 20. மொத்தம் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. ஒரு பெரிய ஆளைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். இதைக் கூரையில் ஏற்றக்கூடாது, வளைவில் வண்டி சாயும். கீழே, முன்பக்கமாக, ஆடாமல் கட்ட வேண்டும். பெரிய தொட்டி ஒன்று வேண்டாம். பத்து லிட்டர் தோங் எட்டு நல்லது. ஒன்று ஒழுகினாலும் ஏழு இருக்கும். அதோடு, அந்தத் தோங்கைத் தூக்கப் போவது யார்? பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே பத்து லிட்டரே இருக்கட்டும்.

தோட்டத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். நான் லயத்தில் வளர்ந்தவள். மருந்தடிக்கும் தோங்கை மணல் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பிடித்து வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாராகுவாட்டை 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பழைய தோங்குகள் எத்தனை வீட்டுப் பின்பக்கம் இன்னும் கிடக்கின்றனவோ! எந்த மருந்துத் தோங்காக இருந்தாலும் சரி, எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி, அதில் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது.

கைகால் கழுவ ஆற்று நீர் போதும். ஆனால் காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். 2010-ல் பகாங் மாநிலம் மாரான் அருகே லுபோக் யூவில், மூழ்கியவரைத் தேடி நீரில் இறங்கியவர்களுக்கும் அப்பகுதி மக்களுக்கும் எலிக் காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். கையில் தண்ணீர் குறைவாக இருப்பவர்கள்தான் ஆற்றோரமாகவே கூடாரம் போடுகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பது அதைத்தான். 2021 ஆகஸ்டில் கெடாவில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் அப்படித்தான் வந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் கையோடு இருந்தால் மேட்டில் தங்கலாம்.

கொழுந்தனார் அடுத்த விடுமுறைக்குக் குவா மூசாங் போகலாம் என்று வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறார். எட்டுத் தோங்குகளிலும் சிவப்புச் சாயத்தில் நாள் வாரியாகக் கோடு போட்டுவிட்டேன். சின்னவன்தான் தண்ணீர்க் கிராணி. அவனைக் கேட்காமல் யாரும் மூடியைத் திறக்க முடியாது. அவன் அப்பா உட்பட.