பூச்சிநாசினியும் நுண்ணுயிரும்

பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிட்டன என்று குடியானவர் கூறுவதுண்டு. உண்மையில் எந்தப் புழுவும் தன் வாழ்நாளில் விஷத்திற்குப் பழகிக்கொள்வதில்லை. எண்ணிறந்த புழுக்களுள் ஒன்றிரண்டு பிறவியிலேயே அவ்விஷத்தைத் தாங்கும் இயல்புடையனவாய் இருக்கின்றன. மருந்து தெளிப்பவன் மற்றவற்றை மாய்த்து, அவ்வொன்றிரண்டிற்கும் வயல் முழுவதையும் காணியாக எழுதிக் கொடுத்துவிடுகிறான். அடுத்த பருவத்துப் பயிரை உண்பது அவற்றின் சந்ததியே.

இஃது இன்று நேற்று உண்டான சங்கதியன்று. 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாகாணத்தில் மெலாண்டர் என்னும் அறிஞர், பழமரங்களைப் பற்றும் செதிற்பூச்சி சுண்ணாம்பு கந்தகக் கலவைக்கு மடியாதிருத்தலைக் கண்டு எழுதினார். இன்றோ ஏதேனும் ஒரு விஷத்தை எதிர்த்து நிற்கும் பூச்சி முதலிய இனங்கள் அறுநூற்றுக்கு மேற்பட்டன.

அவற்றுள் தலைமையானது வைரமுதுகு அந்துப்பூச்சி. முட்டைக்கோசும் பூக்கோசும் பயிரிடும் நீலகிரிக் குடியானவர் இதனை நன்கறிவர். அரை அங்குலமும் இல்லாத இச்சிற்றுயிர், வெப்பநாடுகளில் ஓராண்டிற்குள் இருபது தலைமுறை காண வல்லது. ஜாவாத் தீவில் இது டி.டி.டி.க்கு அடங்கவில்லை என்ற செய்தி 1953இல் வெளியாயிற்று. அதன்பின் வந்த விஷங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன.

இந்நிலையிலேதான் நுண்ணுயிர்களின் உதவி நாடப்பட்டது. 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பார் மாண்ட பட்டுப்புழுவில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். பின்னர் ஜெர்மனியில் பெர்லினர் என்பார் அதனையே மாவந்துப்பூச்சியின் புழுவிற் கண்டு, துரிஞ்சியா நாட்டின் பெயரால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். (பட்டு வளர்ப்போர்க்கு எமனாகிய அதுவே கோசு வளர்ப்போர்க்கு நண்பனாயிற்று, முசுக்கட்டைத் தோட்டத்தருகே தெளிப்போர் இன்றும் இதனை மறத்தலாகாது.) இது தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. புழுவின் காரமான குடலில் அப்படிகம் கரைந்து, குடற்சுவரிற் பற்றி, அதனைத் துளைக்கிறது. நம் குடலில் அது பற்றுதற்குரிய இடம் இல்லை.

நுண்ணுயிர் இயற்கையின் படைப்பாதலின் அதற்கு எதிர்ப்பே உண்டாகாது என்று சிலர் பேசுகின்றனர். ஹவாய்த் தீவுகளில் இதனை ஓயாது தெளித்த வயல்களில், அதே வைரமுதுகுப் பூச்சி இதனையும் வென்றதென்று 1990இல் டபாஷ்னிக் முதலியோர் நிறுவினர். ஆயின் நுண்ணுயிரும் வீண்தானே என்பாரும் உளர். அவர்க்கு விடையாக இப்பாக்டீரியாவின் மற்றொரு வகையைக் காட்டலாம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976இல் கிடைத்த அது, கொசுப்புழுவின்மேல் நான்கு வேறு நச்சுப் புரதங்களை ஒருங்கே ஏவுகிறது. தனிப்புரதம் ஒன்றை மட்டும் கொடுத்த ஆய்வுச்சாலையில் கொசு அதனை வென்றது. நான்கும் சேர்ந்தவிடத்துப் பல்லாண்டுப் பிரயோகத்திற்குப் பின்னும் அதனால் பெரிதும் வெல்லக்கூடவில்லை.

எனினும் என் கருத்தில், நுண்ணுயிரின் பெருமை அது எவற்றைக் கொல்லாது விடுகிறது என்பதிலேயே உள்ளது. மலேயாவின் காமரன் மலைநாட்டில் 1970களில் டயடெக்மா என்னும் சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். அது வைரமுதுகுப் புழுவினுள்ளே முட்டையிட, குஞ்சு அப்புழுவையே உண்டு வளரும். இரசாயன விஷம் புழுவைவிட எளிதில் இக்குளவியை மாய்த்துவிடும். பாக்டீரியாவோ குளவியைத் தீண்டாது. விஷத்திற்குத் தப்பிய புழுவும் குளவிக்குத் தப்புதல் அரிது. ஆகவே பாக்டீரியாவைக் குறைவாகத் தெளித்துக் குளவியை வேலை செய்யவிடுதலே முறை. வாரந்தோறும் தெளிக்கச் சொல்லி விற்பவர், ஹவாயில் நிகழ்ந்ததை இங்கும் நிகழ்த்தவே வழிசெய்கின்றனர்.

இதற்கு இடையூறாய் நிற்பது ஓர் எளிய செய்தியே. பாக்டீரியாவை உண்ட புழு சில மணி நேரத்தில் மேய்தலை நிறுத்துகிறது. சாவதற்கோ இரண்டு மூன்று நாளாகும். மறுநாட் காலை வயலுக்கு வரும் குடியானவர், புழு உயிரோடிருத்தலைக் கண்டு, மருந்து பொய் என்று எண்ணி விஷத்தை எடுக்கிறார். குளவியும் அன்றே தொலைகிறது. நம் கல்லூரி விலங்கியல் மாணவர் விடுமுறையிற் கிராமத்திற்குச் செல்லுங்கால், புழுவைப் பாராது இலையைப் பார்க்குமாறு அவரிடம் சொல்லலாம். நேற்றைய துளையினும் இன்று துளை பெரிதாகவில்லையெனில், மருந்து வேலை செய்துவிட்டது.