பூர்வபட்சம் மறந்த ஊர்

ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை. நடுவே இருப்பது ஒரு சாலைதான். அந்தச் சாலையைத் தாண்டிப் போய்ப் பேச ஸ்ரீரங்கத்துக்காரர்களான நமக்கு மனம் வரவில்லை.

2006 டிசம்பரில், திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு சிலையை உடைத்தார்கள். பதிலுக்கு வேறு ஊர்களில் கோயில்கள் தாக்கப்பட்டன. போலீஸ் வந்தது, புதுச் சிலை வந்தது, விழாவும் நடந்தது. அதற்குப் பிறகாவது கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதிக்காரர்களும் திராவிடர் கழகத் தோழர்களும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கலாம். போலீஸ் காவலையே சமாதானம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டோம். 2023 நவம்பரில், அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை இங்கே வந்து, பாஜக ஆட்சிக்கு வந்தால் கோயில் வாசல்களில் உள்ள இத்தகைய சிலைகளை அகற்றுவோம் என்றார். ஒரு தரப்பு கைதட்டியது, மறுதரப்பு கண்டித்தது. நம் ஊர் வழக்கைக் கட்சி மேடைகளுக்குக் குத்தகைக்கு விட்டவர்கள் நாம்தான்.

வாதிடும் முறை இரு தரப்புக்கும் பரம்பரைச் சொத்து என்பதால்தான் வெட்கம் கூடுகிறது. ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், தாம் மறுக்கப்போகும் அத்வைதத்தின் வாதங்களை முதலில் விரிவாக எடுத்துவைக்கிறார். மகாபூர்வபட்சம் என்று அதற்குப் பெயர். மறுப்பு அப்புறம்தான். பெரியாரோ, நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, யோசித்துப் பார் என்றவர். காலமெல்லாம் கொள்கையில் மோதிய ராஜாஜி 1972-இல் மறைந்தபோது கண்ணீர் விட்டு அழுதவர். இங்குள்ள ராமாநுஜர் திருமேனிக்கு ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றுவது தவறுவதில்லை. செப்டம்பர் 17 அன்று சிலைக்கு மாலையும் தவறுவதில்லை. இருவரும் விட்டுச்சென்ற பழக்கத்தை மட்டும் தவறவிட்டோம்.

‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்ற டீக்கடைப் பலகைக்கு அடங்கினோம். எதிர்க்கட்சிக்காரர் எழுந்து போனதும் அவரைப் பற்றிப் பேசினோம். 2022 கடைசியில் திருச்சிக்குப் போகும் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது நாமம் போட்டவரும் கறுப்புச் சட்டைக்காரரும் ஒரே நெரிசலில்தான் தவித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில், பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைகள் தொடங்கின. அங்கே போய் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த சபைக்குப் போவோம். சாக்கடை, தேரோட்ட நாள் போக்குவரத்து என்று தொடங்குவோம். எதிராளி சொன்னதை, ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவரே ஒப்பும்படி சொல்லிக்காட்டிய பிறகே மறுப்போம். அது பழகிய பின் சிலையையும் பேசலாம், கோபுரத்தையும் பேசலாம். அதற்காக யாரும் நாமத்தை அழிக்கவோ கறுப்புச் சட்டையைக் கழற்றவோ வேண்டியதில்லை.