பணிக்காகப் பிரிந்தவர் பிள்ளையைத் துறந்தவர் அல்லர்



அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, வழக்காடும் இருவரில் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மதரஸாவில் இந்த ஹதீஸை நாம் நடத்தும்போது மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்புவதுண்டு: மற்றவர் வர இயலாத தொலைவில் இருந்தால்? வராதவருக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதை ஹனஃபி அறிஞர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஷாஃபிஈ அறிஞர்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றனர். இப்பழைய கேள்வியின் இன்றைய வடிவத்தை அமெரிக்கக் குடும்ப நீதிமன்றங்களில் காண்கிறோம்.

மணவிலக்குப் பெற்ற தாய் ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். பிள்ளை அவர் பொறுப்பில் வளர்கிறது. வெளிநாட்டுப் பணிக்கு ஆணை வருகிறது. பிள்ளை தற்காலிகமாகத் தந்தையிடம் செல்கிறது. தாய் திரும்பும்போது, ‘பிள்ளை இங்கே பழகிவிட்டது, இனி இங்கேயே இருக்கட்டும்’ என்றொரு வழக்கு காத்திருக்கிறது. இராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் இத்தகைய வழக்குகள் எழுந்தன.

அப்போர்களால் முஸ்லிம் நாடுகள் பட்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. ‘அந்த ராணுவத்தினருக்காக நாம் ஏன் பேச வேண்டும்?’ என்று கேட்போரும் நம்மிடையே உளர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை. மேலும், பிள்ளைக்குப் போரில் பங்கில்லை.

அந்நாட்டுச் சட்டம் இருவகையில் காக்கிறது. முதலாவது, அவகாசம். 2003-ஆம் ஆண்டின் படைவீரர் நிவாரணச் சட்டப்படி, பணியால் வர இயலாமையையும் வரக்கூடிய நாளையும் தெரிவித்து, விடுப்பு இல்லை என்னும் மேலதிகாரியின் கடிதத்துடன் விண்ணப்பித்தால், வழக்கைக் குறைந்தது 90 நாள்கள் நிறுத்திவைக்க வேண்டும். பிள்ளைப் பொறுப்பு வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்பது 2008-இல் தெளிவாக்கப்பட்டது.

இரண்டாவது, 2014 இறுதியில் சேர்க்கப்பட்ட பிரிவு. பணிப்பயணத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு பிறப்பித்த தற்காலிக ஆணை, அப்பயணத்துக்கு உரிய காலத்தைத் தாண்டி நீடிக்கலாகாது. பிள்ளையின் நலனை முடிவு செய்கையில் அப்பிரிவை ஒரே காரணமாகக் கொள்ளலாகாது. 60 நாள்களுக்கு மேல் 540 நாள்கள் வரை, குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாத பயணங்களுக்கு இப்பாதுகாப்பு உண்டு.

‘ஒரே காரணம்’ என்பதில் ஓர் ஐயம் எழுகிறது. வேறொரு சிறு காரணத்தைச் சேர்த்துக்கொண்டு, பிரிவையும் கணக்கில் எடுத்துவிடலாமே? அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அச்சொல்லை நீக்கினால், பிரிவு பிள்ளையை உண்மையாகவே பாதித்திருந்தாலும் நீதிபதி அதைக் காணாதிருக்க நேரும். பிள்ளை பெற்றோரின் உடைமையன்று. அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். ஆகவே அச்சொல் இருக்கட்டும். பிரிவைத் தவிர வேறென்ன கண்டார் என்பதை நீதிபதி தீர்ப்பில் விளக்கி எழுத வேண்டும் என்பதே நம் கருத்து.

2012-இல் வரையப்பட்டுப் பல மாநிலங்கள் ஏற்றுள்ள மாதிரிச் சட்டம் இன்னும் தெளிவானது. பயண ஆணை கிடைத்த 7 நாள்களுக்குள் மற்றப் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பயணத்தில் இருப்பவரின் இசைவின்றி நிரந்தரப் பொறுப்பாணை பிறப்பிப்பதைத் தடுக்கிறது. பாட்டி, தாத்தா போன்ற நெருங்கிய உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் வழி செய்கிறது.

போர்க்களம் சென்ற கணவனை எண்ணி வருந்திய பெண்ணின் குரலை இரவில் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், படைவீரர் இல்லம் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்ததாக அறிவிப்புகள் கூறுகின்றன. படையை அனுப்பும் அரசுக்கு வீரரின் வீட்டைக் காக்கும் பொறுப்பும் உண்டு. தற்காலிகமாகப் பிள்ளையைப் பெற்றவரும், அமானிதம் உரியவரிடம் திரும்ப வேண்டியது என்பதை மறக்கலாகாது.

வெறுப்புக்கு இடமளியாமல் நீதியின் பக்கம் நிற்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.