குலம் பேசுவோர் தாண்டிப்போகும் பக்கம்

முந்தல் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் காணியும் படகும் நகையும் பிறகுதான். முதலில் வருவது, "அவங்கட பரம்பரை என்ன?" கேட்பவரைச் சற்றுச் சீண்டிப் பாருங்கள், வேதத்தையோ பாரதத்தையோ துணைக்கு இழுப்பார். கத்தோலிக்கர் என்றால், "இயேசுவுக்கே தலைமுறை தலைமுறையா எழுதி வச்சிருக்குத்தானே!" கரையார் என்றால், "நாங்க பாரதத்துக் குருகுலம்." இரத்தம் கலக்காமல் வந்ததற்கு அத்தாட்சிதான் வம்சாவளி என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. பட்டியலை முழுக்கப் படித்தவர் இப்படிப் பேசமாட்டார்.

மத்தேயுவின் முதல் அதிகாரம் டிசம்பர் 17ஆம் திகதித் திருப்பலியில் வாசிக்கப்படும். சுவாமி பெயர்களை ஒவ்வொன்றாகக் கடக்க, பின்வாங்கில் பிள்ளைகள் கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவிக்குள் இயேசுவின் தாய்க்கு முன்னே நான்கு பெண்கள் போய்விடுகிறார்கள். தாமார், விலைமாது வேடமிட்டு மாமனார் யூதாவிடமே இரட்டைப் பிள்ளை பெற்றவள். இராகாபு எரிகோ நகரத்து விலைமாது. மூன்றாமவள் ரூத்து, மோவாபியப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் ஆண்டவரின் சபைக்குள் வரக்கூடாது என்று இணைச்சட்ட நூல் கதவடைக்கிறது. அவளுடைய கொள்ளுப்பேரனோ தாவீது அரசன். நான்காமவளுக்குப் பெயர்கூட இல்லை, உரியாவின் மனைவி என்ற குறிப்பு மட்டும். உரியாவுக்குத் தாவீது செய்த துரோகத்தை யாரும் மறக்கக்கூடாது என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். குலப்பெருமைதான் நோக்கம் என்றால் சாராவும் ரெபேக்காவும் இருந்தார்களே, அவர்களை ஏன் விட்டார்?

மூன்று தரம் பதினான்கு தலைமுறை என்று கணக்குக் காட்டுவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் மூன்று அரசர்களை மத்தேயு கழற்றிவிடுகிறார். லூக்காவின் பட்டியலிலோ யோசேப்பின் தகப்பன் மத்தேயு சொல்லும் யாக்கோபு அல்ல, ஏலி. தாவீதிலிருந்து வரும் வழியும் சாலமோன் அல்ல, நாத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை தகப்பன்மாரைச் சொல்லி யோசேப்பிடம் வந்ததும் மத்தேயு அவரைத் தகப்பன் என்று எழுதவில்லை, மரியாவின் கணவர் என்கிறார். இரத்த வழி அந்த இடத்திலேயே அறுந்துவிட்டது. யோசேப்பு பிள்ளையை ஏற்றுப் பெயரிட்டார், அதனால் பிள்ளை தாவீதின் வீட்டுப்பிள்ளை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில், வம்ச ஏட்டில் பெயர் காட்ட முடியாத குருக்களை ஒதுக்கிவைத்ததாக எஸ்ரா நூல் சொல்கிறது. உண்மைதான். கோயில் உரிமைக்காகப் பட்டியல் பார்த்த காலம் அது. வெளிநாட்டு மனைவியரை அனுப்பிவிடச் சொன்னதும் அதே நூல். ஆனால் மத்தேயு எடுத்துக்கொண்டது ரூத்தை.

இனி குருகுலம் பேசுவோர் பக்கம் வருவோம். முந்தலுக்குப் பக்கத்து உடப்பில் திரௌபதை அம்மனுக்கு ஆடியில் தீமிதி. பாரதக் கதை அங்கே சின்னப் பிள்ளைக்கும் பாடம். அந்தக் கதைப்படி குருகுலத்தின் நிலவரம் என்ன? சந்தனு மணந்த சத்தியவதி செம்படவத் தலைவன் வளர்த்த பெண், மீன் வாடையால் மச்சகந்தி என்று பெயரெடுத்தவள். அவள் பெற்ற அரச பிள்ளைகள் இருவரும் வாரிசின்றிச் செத்தார்கள். பீஷ்மரோ பிரமச்சாரி. கடைசியில், கல்யாணத்துக்கு முன்னே அவள் பராசரருக்குப் பெற்ற வியாசரை அழைத்த பிறகுதான் திருதராட்டிரனும் பாண்டுவும் பிறந்தார்கள். அவர்களிடம் சந்தனுவின் இரத்தம் ஒரு துளி இல்லை. பாண்டவர்களிடம் பாண்டுவின் இரத்தமும் இல்லை. இருந்தும் அவர்கள் பாண்டவர்கள், குருகுலத்தவர்.

ஆக, யாரை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கான ஏடுகள் இவை. தூய இரத்தம் தேடுபவருக்கு இதில் கிடைப்பது விலைமாது, மோவாபியப் பெண், கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளை. குருகுலம் என்று மீசை முறுக்கும் நம்மவர் மச்சகந்தி பேச்சை எடுத்தால் முகம் சுளிக்கிறார். கடலோரக்காரருக்கு உரிமையோடு பாட்டி என்று சொல்லிக்கொள்ள அந்தப் பரம்பரையில் வேறு யார் இருக்கிறார்கள்?